ஒரே கலர்தானே

ஓய்வுபெற்ற கணவரை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்று யாராவது வகுப்பு எடுத்தால், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆபீஸில் ஆயுசு முழுக்கக் கோப்புகளை அடுக்கியவர் என் வீட்டுக்காரர். கோப்பு இல்லாத வீட்டில் அந்தக் கை சும்மா இருக்குமா? முதலில் செருப்புகளை அடுக்கினார். பிறகு சமையலறை டப்பாக்கள். பிறகு என் புடவைகள். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலையில் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் பட்டறை அறைக்குள் புகுந்துவிட்டார்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மின்சூளை, ஒரு அலமாரி. செம்புத் தகட்டை வட்ட வட்டமாக வெட்டி, மேலே கண்ணாடிப் பொடியைத் தூவி, சூளையில் வைத்தால் பொடி உருகித் தகட்டோடு ஒட்டிப் பளபளக்கும். எனாமல் நகை என்பார்கள். தோடு, பதக்கம், மாலை எல்லாம் செய்கிறேன். சாயம் பூசினால் நாளாக நாளாக வெளுக்கும், இது வெளுக்காது. வெயில், தண்ணீர், வியர்வை எதற்கும் அசையாது. அதற்காகவே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன்.

நிறம் என்றால் எனக்கு நிறமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் பத்தடி தூரத்தில் வருகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த ஊரில் யாருக்கும் அது ஆகாது. “கொஞ்சம் அடக்கி வாசிங்களேன்” என்பார்கள். தெருமுனையில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த நகைக்கடை ஒன்று இருக்கிறது. எல்லாம் கையால் செய்தவை, எல்லாம் வெளுத்தவை. கடைக்காரம்மா உடுத்துவதும் அப்படித்தான், சுவருக்கு அடித்திருப்பதும் அப்படித்தான். நான் அவருக்கு வைத்த பெயர் சாம்பல் மேடம். ஒவ்வொரு தடவையும் என் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “வேலை நல்லாருக்கு, கலரைக் கொஞ்சம் டல்லாப் பண்ணிக் குடுங்க. இப்ப அதுதான் போகுது” என்பார். அவர் கடையில் என் சாமான்கள் இத்தனை வருஷமாகக் கல்லாவுக்குப் பக்கத்து மூலையில், விளக்கு எட்டாத இடத்தில்தான் கிடந்தன.

அந்த அம்மாளே இந்த முறை இறங்கி வந்தார். சனிக்கிழமை கடையின் ஜன்னலைப் புதிதாக அலங்கரிக்கப் போகிறார்களாம். நடுவில் ஒரே ஒரு மாலை, வேறு எதுவும் இல்லை. “உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு பண்ணுங்க, பாப்போம்” என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கையில் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவர் செய்த வெள்ளை மணிமாலை தயாராக இருக்கிறது, அதை மாட்டிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மூலையிலிருந்து ஜன்னலுக்கு. இதற்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஏழு வில்லைகள், ஏழும் முழுச் சிவப்பு. பக்கத்துக்கு மூன்றாக ஆறு வில்லைகளை முடித்துவிட்டேன். நடுவில் வருகிற பெரிய வில்லையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். உள்ளங்கை அகலத் தகடு கொஞ்சம் சூடு கூடினாலும் நெளியும், நிதானமான கை வேண்டும்.

கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தால் என் அலமாரியை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

என் பொடிகளுக்குப் பெயர் ஒட்டுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. காபித்தூள் பாட்டிலில் இருப்பது சிவப்பு, மூக்குப்பொடி டப்பாவில் இருப்பது கறுப்பு, இருமல் மருந்து பாட்டிலில் இருப்பது மஞ்சள் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அத்தனையும் காணோம். அவை இருந்த இடத்தில் ஒரே அளவில், ஒரே மூடி போட்ட கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு. பழைய பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையின் முகம்.

“எப்படி இருக்கு?”

நான் ‘சிவப்பு’ என்று எழுதியிருந்த ஜாடியை எடுத்தேன். உள்ளே இருந்தது மண் நிறத்தில் ஏதோ ஒன்று.

“இது என்னங்க?”

“சிவப்பு. காபி பாட்டில்ல இருந்ததுதான்.”

“இது சிவப்பில்லையே.”

“பக்கத்து பாட்டில்லயும் அதேதான் பாதி இருந்துச்சு. எதுக்கு ரெண்டு பாட்டில்னு ஒண்ணாக் கொட்டிட்டேன். நல்லாக் குலுக்கியும் வெச்சிட்டேன்.”

பக்கத்து பாட்டிலில் இருந்தது இலைப்பச்சை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சாயத்தைச் சாயத்தோடு கலந்தால் மூன்றாவதாக ஒரு நிறமாவது கிடைக்கும். கண்ணாடிப் பொடி அப்படிக் கலக்காது. துகள் துகளாகத் தனித்தனியே நிற்கும், உருகினாலும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். மாவு போல அரைத்த பொடியை இனி யாராலும் பிரிக்க முடியாது. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஒரு சின்னத் தகட்டில் தூவிச் சூளையில் வைத்து எடுத்தேன். வெளியே வரும்போது எல்லாச் சிவப்பும் கறுப்பாகத்தான் வரும், ஆற ஆறத்தான் சிவக்கும். நின்றுகொண்டே பார்த்தேன். ஆறியது. பாசி பிடித்த செங்கல் மாதிரி இருந்தது.

“பரவால்லையே, நல்லாத்தானே இருக்கு” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“எது நல்லா இருக்கு? கண்ணு தெரியுதா இல்லையா? ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை. ரெண்டையும் எப்படிங்க ஒண்ணாக் கொட்டுவீங்க?”

“ஒரே கலர்தானேன்னு நெனச்சேன். வெளிச்சம் கம்மியா இருந்துச்சு.”

“ரெண்டு ட்யூப் லைட் எரியுது இங்க.”

“சரி விடு, வேற வாங்கிக்கலாம்.”

சொல்லி அனுப்பினால் சிவப்பு வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்று அவருக்கும் தெரியும். நான் மற்ற ஜாடிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். மஞ்சள் ஒழுங்காக இருந்தது. கறுப்பும் வெள்ளையும் ஒழுங்கு. நீலத்தில் ஊதாவைக் கொட்டியிருந்தார். காவியோடு இன்னொரு பச்சை. அவசரத்திலோ கவனக்குறைவிலோ செய்கிறவன் எல்லாவற்றையும் குழப்புவான். இந்த மனிதர் மஞ்சளைத் தொடவில்லை, வெள்ளையைத் தொடவில்லை. குறிப்பாகச் சில நிறங்களில்தான் தப்பு நடந்திருந்தது. என் கோபம் அப்படியே நின்றது, அடியில் வேறு ஏதோ ஒன்று குளிர ஆரம்பித்தது.

நான் எந்தப் பொடி வாங்கினாலும் ஒரு சின்னத் தகட்டில் சுட்டு மாதிரி வைத்துக்கொள்வேன். அந்தத் தட்டிலிருந்து ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இதுல எது சிவப்பு?”

“என்ன விளையாட்டு இது?”

“சும்மா சொல்லுங்க.”

“உனக்குத் தெரியாததா, நீயே சொல்லு.”

முப்பது வருஷமாக இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்பார். அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டை எடுக்கக் கடைக்குப் போனால், “நீ எடுத்தா சரியாத்தான் இருக்கும்” என்பார். அது அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லுங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பச்சையைத் தொட்டார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். இளவயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார். கடைசியில் கண் பரிசோதனை.

“புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகத்தைக் காட்டினாங்க. பக்கத்துல ஒண்ணுமே இல்ல, என்ன நம்பர்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்லுவேன்? வீட்ல சிபாரிசு இல்லாததால கிடைக்கலன்னு சொல்லிட்டேன்.”

“நம்ம கல்யாணத்தப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? பொண்ணு பாக்க வந்தா, வீட்டு ஜன்னலுக்கெல்லாம் நீயே கலர் அடிச்சிருக்கேன்னு உங்கப்பா காட்டிக் காட்டிப் பெருமைப்படறார். அப்பப் போய், எனக்குப் பாதிக் கலர் தெரியாதுங்கன்னு சொல்லவா? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். தள்ளிப் போயிருச்சு.”

முப்பது வருஷம் தள்ளிப்போகிற விஷயமா இது. பச்சை விளக்கு எப்படித் தெரிகிறது, ரோட்டை எப்படிக் கடக்கிறார் என்று கேட்டேன். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்றார். பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னார்.

எனக்கு வலித்தது அதுவெல்லாம் இல்லை. நான் தொழில் ஆரம்பித்த புதிதில் தோடுகளை ஜோடி சேர்த்துப் பெட்டியில் போடுகிற வேலையை அவர்தான் செய்வார். ஒரு தரம் ஒரு பெட்டியில் ஒற்றைச் சிவப்பும் ஒற்றைப் பச்சையும் போட்டிருந்தார். வாங்கிய பெண் அதை அப்படியே போட்டுக்கொண்டு போய், அவள் சிநேகிதிகள் எல்லோரும் கேட்டு வந்து, கடைசியில் அதுவே என் அடையாளமாகிவிட்டது. ஒரு காதில் சிவப்பு, ஒரு காதில் பச்சை என்றால் அது என் கை வேலை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கே இல்லாத துணிச்சல் இந்த மனிதருக்கு இருக்கிறது என்று அன்றைக்கு நான் பூரித்துப்போனேன். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் அவரிடம் காட்டாமல் முடித்ததில்லை.

“அப்ப அந்தத் தோடு?”

“ஒரே கலர்னு நெனச்சுத்தான் போட்டேன். நீ வந்து ஆஹா ஓஹோன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணும் புரியல. சரின்னு தலையாட்டிட்டேன்.”

“இத்தனை நாளும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யா?”

“நல்லா இருக்குன்னுதானே சொன்னேன். சிவப்பு நல்லா இருக்குன்னு எப்பவாவது சொன்னேனா?”

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஏடு கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போனார். கோபம் என்று சொன்னால் போதாது. என் கண்ணை நம்பாமல் அவர் கண்ணை நம்பியிருக்கிறேனே என்று அவமானமாக இருந்தது. இவ்வளவு நாளும் நான் யாருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்?

வெள்ளிக்கிழமை காலையில் சாம்பல் மேடத்துக்குப் போன் பண்ணினேன். ஒரு வாரம் தவணை கேட்டேன்.

“பரவால்லம்மா, நீங்க மெதுவாவே பண்ணுங்க. வெள்ளை மணி கையில ரெடியா இருக்கு” என்றார். எத்தனை சந்தோஷம் அந்தக் குரலில்.

ஆறு வில்லைகளையும் மேஜையில் வளைவாகப் பரப்பினேன். நடுவில் காலியிடம், பல் விழுந்த வாய் மாதிரி. ஆறோடு நிறுத்திப் பார்த்தேன், மாலை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நடுவில் கறுப்பை வைத்தால் ஓட்டை, மஞ்சளை வைத்தால் வேறு யாரோ செய்தது போல. மணி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“நான் ஏதாவது பண்ணட்டுமா?”

பண்ணியது போதாதா என்று வாய் வரை வந்தது. அதைவிடக் கெட்டதாக ஒன்று தோன்றியது. மாதிரித் தகடுகளில் பச்சை மட்டும் இருக்கிற தட்டை எடுத்து அவர் முன்னால் தள்ளினேன். வெளிர்ப் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை அத்தனையும் அதில் இருந்தன. ஒரு சிவப்புகூடக் கிடையாது.

“இந்த ஆறுக்கும் ஜோடி இதுல எது? எடுத்துக் குடுங்க.”

அவரைக் கோமாளியாக்கிப் பார்க்கத்தான் சொன்னேன். அவர் அதைப் பிராயச்சித்தம் என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஒவ்வொரு தகடாக எடுத்து, சிவப்பு வில்லைக்குப் பக்கத்தில் வைத்து, குனிந்து, தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். “இது கொஞ்சம் வெளுப்பு.” ஒதுக்கினார். “இது முன்னால துருத்திக்கிட்டு வருது.” ஒதுக்கினார். “இது அடங்கிப் போயிடுது.” நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கலாம் என்று இருந்தேன். சிரிப்பு வரவில்லை.

“இதுதான்” என்றார் கடைசியில். “அச்சு அசல் இதே கலர்.”

எடுத்து நடுவில் வைத்தார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். ஏனென்றால் அது சரியாக இருந்தது. சிவப்புக்கு நடுவில் பச்சையை வைத்தால் ஒன்று பச்சை கத்தும், இல்லை சிவப்பு விழுங்கிவிடும். இந்தப் பச்சையில் இரண்டும் நடக்கவில்லை. சிவப்புக்கு எவ்வளவு கனமோ அதற்கும் அவ்வளவு கனம். நிறத்தைப் பார்க்காத ஒருவரால்தான் அந்தக் கனத்தை அப்படி நிறுக்க முடியும். நான் தேடியிருந்தால் பச்சையைப் பார்த்திருப்பேன், சிவப்பைப் பார்த்திருப்பேன், இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

அந்தப் பச்சைப் பொடி அலமாரிக்குப் பின்னால் விழுந்து அவர் கைக்குத் தப்பியிருந்தது. நான் பெரிய தகட்டைத் தேய்த்துக் கழுவினேன், தூவினேன், சூளைக் கதவைத் திறந்தேன். ஒரே சூட்டில் சுத்தமாக வந்தது. ஏழையும் கோத்து முடித்தபோது அவர் எட்டிப் பார்த்தார்.

“அப்பாடா. சிவப்பு கெடச்சிருச்சா?”

நான் மாலையைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். பழிவாங்குகிற எண்ணம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாம்பல் மேடம் மாலையைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை மணி மாலையைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

சனிக்கிழமை இருவருமாகப் போனோம். நான் கூப்பிடவில்லை, அவராகவே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வெளுத்த சுவருக்கு முன்னால் என் மாலை தனியாகத் தொங்கியது. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. நான் கேட்ட இடம், நான் கேட்ட வெளிச்சம்.

முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். “எல்லாம் சிவப்பு, நடுவுல மட்டும் ஏன் பச்சை?”

என் வீட்டுக்காரர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“பச்சையா?”

“ஆமா.”

“நான் எடுத்துக் குடுத்ததா?”

“நீங்க எடுத்துக் குடுத்ததுதான்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாம்பல் மேடம் கடையிலிருந்து வெளியே வந்தார். “எல்லாரும் அந்தப் பச்சையைத்தான் கேக்கறாங்க. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?” என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“நான்தாங்க எடுத்தேன். சிவப்புன்னு நெனச்சு எடுத்தேன்.”

மேடம் சிரித்தார். “சார் நல்லா ஜோக்கடிக்கிறார்.”

இந்த இடத்தில் அவர் வழக்கமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மேடமும் சிரித்துவிட்டுப் போயிருப்பார், விஷயம் இன்னொரு முப்பது வருஷத்துக்குத் தூங்கியிருக்கும்.

“ஜோக் இல்லீங்க” என்றார். “எனக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.”

முன்னால் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணாடியருகே போனார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம்வரை பார்த்தார். பிறகு திரும்பித் தெருவே கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. இதுல எதும்மா பச்சை? எனக்குத் தெரியல. காட்டு.”

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே இதை முன்னாடியே கேட்டிருந்தால் என்ன என்று கோபமும் வந்தது. நான் கூட்டத்துக்குள் போய் அவர் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தேன்.